பெட்டிகள் முன்னே போகும்

காலை எட்டரைக்குள் வாசலில் வைத்துவிட வேண்டும்.
அது ஒன்றுதான் என் நிபந்தனை.
பிறகு அவர்கள் காட்டுக்குள் நடப்பார்கள்,
நான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு
வேசர் ஆற்றங்கரைச் சாலையில்
அடுத்த ஊருக்குப் போவேன்.
அவர்களுக்கு ஆறு மணி நேரம்.
எனக்கு இருபத்திரண்டு நிமிடம்,
வழியில் டிராக்டர் மறிக்காவிட்டால்.

பதினோரு வருடமாக இதே வேலை.
ஆட்களைத் தெரியாது, எடை தெரியும்.
முதல் நாள் பெட்டியில் இருப்பது பயம்:
மூன்று ஸ்வெட்டர், கெட்டி அட்டைப் புத்தகம்,
திறக்கப்போகாத மருந்துப் பை.
மூன்றாம் நாள் அதே பெட்டி
ஈரத் துணியால் கனத்துக் கிடக்கும்.
டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவர்
ஊருக்கு ஊர் ஆற்றுக் கல் சேர்த்தார்.
ஐந்தாம் விடுதியின் மாடிப்படியில்
வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
புரியாமல் நன்றி சொன்னார்.

மே மாதம் வந்தவை இரண்டு நீலப் பெட்டிகள்.
ஹார்ட்விக், ஓர்ட்ரூன்: ஒரே சீட்டில் இரண்டு பெயர்.
இரண்டாம் ஊரில் விடுதிக்காரி டீல்கே சொன்னாள்:
"அந்த ஆள் அரைமணி முன்னால் வந்தார்.
அவள் பின்னால். அறை இரண்டாகக் கேட்டார்கள்.
ஏப்ரலில் விவாகரத்தாம்.
போன வருடமே கட்டிய பணம்,
திருப்பித் தர மாட்டார்களாம்."
சொல்லிவிட்டு முட்டை வேகவைக்கப் போனாள்.

அப்படித்தான் நடந்தார்கள்,
பீச் மரங்களின் புதுத்தளிருக்குக் கீழே,
காட்டுப்பூண்டு வாடைக்குள்,
நடுவில் அரைமணி நேர மலையை விட்டு.
கீழே என் வண்டியில்
பெட்டிகள் வளைவுதோறும்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.
எனக்கு என்னவோ போலிருந்தது.
நிறுத்தி, நடுவே உதிரிச் சக்கரத்தைச் செருகினேன்.
பாலம் தாண்டுவதற்குள்
சக்கரம் கதவோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

நான்காம் நாள் மழை.
அங்கே பாலம் கிடையாது, படகுதான்.
எஞ்சின் இல்லை.
ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி,
படகைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்
எதிர்க்கும் நீரே அக்கரைக்குத் தள்ளிவிடும்.
என் வண்டி ஏறியாயிற்று.
ஹார்ட்விக்கும் ஏறி நின்றார், தொப்பி சொட்ட.
படகுக்காரன் எக்கார்ட் அவிழ்க்கவில்லை.
"இன்னொருத்தி மேலே வருகிறாளாமே.
ஒருவருக்காக இரண்டு தடவை போக மாட்டேன்."

துறைச் சுவரில் வெள்ளம் வந்த வருடங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.
அவர் எல்லாவற்றையும் படித்தார்.
பிறகு மறுபடி மேலிருந்து படித்தார்.

முழங்கால்வரை சேறோடு வந்தாள்.
யாரிடமும் பேசாமல் என் பின்கதவைத் திறக்கச் சொல்லி,
பெரிய நீலத்தின் ஜிப்பை இழுத்தாள்.
அது அவருடையது.
கை தேடவில்லை:
இடது மூலை, சாக்ஸுக்கு அடியில்,
பிளாஸ்டர் டப்பா.
குதிகாலில் ஒட்டிக்கொண்டபோதுதான்
யார் பெட்டி என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.
திரும்ப அதே மூலையில் வைத்து மூடினாள்.
அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அல்லது பார்ப்பதுபோல் நின்றார்.

அக்கரையில் ஆளுக்கொரு நோட்டு நீட்டினார்கள்.
எக்கார்ட் ஒன்றை மட்டும் வாங்கினான்.
சில்லறை இல்லையாம்.
அவன் இடுப்புப் பை குலுங்குவது
எனக்கே கேட்டது.

மறுநாள் எட்டரைக்கு
பெட்டிகள் வாசலில் இருந்தன, எடை அப்படியே.
சீட்டு மட்டும் இரண்டு:
ஒன்றில் அடுத்த ஊர்,
மற்றதில் ஹாமெல்ன் ரயில் நிலையம்.
யாருடையது எது என்று நான் பார்க்கவில்லை என்றால்
நம்பவா போகிறீர்கள்?

நிலையத்தில் ஒன்றை இறக்கிவிட்டுத் திரும்பினேன்.
முதல் வளைவிலேயே மற்றது
வண்டியின் அகலம் முழுக்கச் சறுக்கி
அந்தச் சுவரில் முட்டி,
இந்தச் சுவரில் முட்டி.
ஓரங்கட்டி,
உதிரிச் சக்கரத்தை நகர்த்தி
அதன் பக்கத்தில் வைத்தேன்.

அப்புறம் ஒரு டிராக்டர்,
வைக்கோல் உதிர்த்தபடி, ஊர்வரை எனக்கு முன்னால்.
ஹாரன் அடிக்கவில்லை.